“பட்ஜெட் இல்லை, கேட் பாஸ் கிடையாது” என்கிறார்கள்: ஒன்பது வருட ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வழி?

சென்னைப் புறநகரில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 38. ஐ.டி.ஐ. முடித்தவர். ஒன்பது வருடம் நான்கு மாதமாக அதே ஷாப், அதே பெஞ்ச். இதற்குள் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார். சம்பளச் சீட்டில் 26,000 ரூபாய்; பிடித்தம் போகக் கைக்கு 24,000 சொச்சம். மனைவி தையல் வேலைக்குப் போகிறார், மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் ஒருநாள் சூப்பர்வைசர் இவரையும் சேர்த்து பதினொரு பேரைக் கூப்பிட்டு, “லேபுக்கு ஃபண்டு குறைச்சிட்டாங்க, மாசக் கடைசியோட கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டாங்க” என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். கூடவே 100 ரூபாய் முத்திரைத்தாளில், தாமாகவே வேலையை விடுவதாகவும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால்தான் பி.எஃப். பணம் வருமாம்.

வாசகரின் கேள்விகள்: பட்ஜெட் வெட்டை எதிர்த்து வழக்குப் போட முடியுமா? 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிறார்களே, ஒன்பது வருடத்துக்கு அது கிடைக்காதா? ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டு ஒப்பந்த நகலை வாங்கலாமா? வீட்டில் சில ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் தாள்) நகல்கள் இருக்கின்றன, அவற்றை ஆதாரமாகக் காட்டலாமா? அதே வளாகத்தில் ஜே.ஆர்.எஃப்.பாக (இளநிலை ஆராய்ச்சி மாணவராக) இருக்கும் மைத்துனருக்கும் நீட்டிப்பு வராது என்கிறார்கள், அவருக்கு என்ன வழி?

அன்புச் சகோதரருக்கு,

முதலில் அந்த முத்திரைத்தாள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற பத்துப் பேரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். பி.எஃப். உங்கள் பணம், காண்ட்ராக்டர் தயவில் வருவது கிடையாது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும், வேலையை விட்ட தேதியை பி.எஃப். இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். அவர் பதியாவிட்டாலும் பணம் நின்றுவிடாது. “தாமாகவே விடுகிறேன்” என்ற ஒரு வரியை எழுதிக்கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் உங்களை யாரும் ஆள்குறைப்புச் செய்யவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் அதற்கான நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் கேட்க முடியாது. அவர்கள் அவசரப்படுவதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். எந்தச் சூழலில், யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை எழுதி, இரண்டொரு நாளில் பதிவுத் தபாலில் காண்ட்ராக்டருக்கும் ஆய்வகத்துக்கும் மறுப்பு அனுப்புங்கள். நாள் கடந்தால் அந்த மறுப்புக்கு மதிப்புக் குறையும்.

பட்ஜெட்டில் உண்மையில் நடப்பது

மொத்த ஒதுக்கீட்டை வெட்டிவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களை நடத்தும் டி.ஆர்.டி.ஓ.வுக்கு 2023-24ல் ஒதுக்கியது சுமார் 23,264 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 23,856 கோடி. அந்த ஓர் ஆண்டில் ஏற்றம் இரண்டரை சதவீதம்தான். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் கையிருப்பு சுருங்கியது உண்மை. ஆனால் 2025-26ல் அது 26,817 கோடியாக, ஏறக்குறைய 12 சதவீதம் கூடியது. 6.81 லட்சம் கோடி பாதுகாப்பு பட்ஜெட்டில் இது நான்கு சதவீதத்தைத் தொடவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் “பட்ஜெட்டை வெட்டிவிட்டார்கள்” என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு இந்த எண்களை எடுத்து நீட்டி முதல் நாளே உங்களை மடக்கிவிடும்.

பின் ஏன் உங்கள் ஷாப்பில் காசில்லை? மொத்தத் தொகை கூடினாலும் அது ஒவ்வொரு ஆய்வகத்துக்கும், ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் ஒரே மாதிரி கூடுவதில்லை. பெரிய திட்டம் ஒன்று முடியும்போது அதற்கென்று எடுத்த ஆட்களுக்கான தலைப்பும் மூடப்படும். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதத்தைத் தனியார் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். அந்தப் பணமும் ஆராய்ச்சிக்குத்தான் போகிறது, ஆனால் உங்கள் பெஞ்சுக்கு வராது. செலவைக் குறை என்று மேலிருந்து சொன்னால், நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. கையில் சிக்குவது ஒப்பந்தச் செலவுதான். பதினொரு குடும்பத்தின் சோறு பேரேட்டில் ஒரு வரியாக நிற்பதால், அதை அடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

இதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியுமா என்றால், முடியாது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பது அரசின் கொள்கை முடிவு. அதில் நீதிபதிகள் தலையிட மாட்டார்கள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்வி வேறு: நீங்கள் செய்துவந்த வேலை நின்றுவிட்டதா, அல்லது வேலை அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறுகிறாரா? அடுத்த மாதம் புதிய காண்ட்ராக்டர் பத்துப் புது ஃபிட்டர்களைக் கூட்டி வந்தால் “ஃபண்டு இல்லை” என்ற காரணம் நிற்காது. ஆள் எடுக்கும் ஒப்பந்தங்களுக்கான ஏல அறிவிப்புகள் பெரும்பாலும் அரசின் ஜெம் இணையச் சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி வருகின்றன. எத்தனை பேர், என்ன தகுதி, எத்தனை மாதம் என்பது அதிலேயே இருக்கும். வாரம் ஒருமுறை பார்த்து, கிடைத்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

480 நாளும் நிரந்தரமும்

தமிழ்நாட்டில் தொழிலாளர் எல்லோர் வாயிலும் இருக்கும் எண் இது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ம் ஆண்டின் மாநிலச் சட்டத்திலிருந்து வந்தது. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில், அதுவும் காண்ட்ராக்டர் வழியாக வந்த ஒருவர் அதை நம்பி வழக்கைக் கட்டக் கூடாது. 240 நாள் என்றும் சிலர் சொல்வார்கள். அது ‘தொடர்ச்சியான பணி’ என்று காட்டி ஆள்குறைப்பு இழப்பீடு கேட்பதற்கான அளவு, வேலையை நிரந்தரமாக்காது.

உச்ச நீதிமன்றம் 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சொன்னது இன்றும் அடிப்படை: ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் (காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கும் இடம்; இங்கே ஆய்வகம்) ஊழியராகிவிட மாட்டார்கள், ஆனால் காண்ட்ராக்டர் வெறும் பெயருக்குத்தான், ஒப்பந்தமே போலி என்று நிரூபித்தால் கதை வேறு. 2006-ல் உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் அரசுப் பணியில் நுழைந்தவர்களுக்கு நிரந்தரம் கோரும் வாசலைக் கிட்டத்தட்ட மூடியது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அந்த வாசல் கொஞ்சம் திறந்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டு துப்புரவு வேலை பார்த்தவர்களை நீக்கியது தவறு, அவர்களை வரன்முறைப்படுத்துங்கள் என்று உத்தரவிட்டார்கள். வெளியாள் ஒப்பந்தத்தை அரசே கேடயமாக்குவதையும் கண்டித்தார்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு தீர்ப்பை அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள், அது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களை வேலைக்கு வைத்தது நேரடியாக அந்த ஆணையம். உங்களுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறார். அந்த இடைவெளியைத் தாண்டுவதே உங்கள் வழக்கின் பெரும்பாடு.

இன்னொரு தடையும் புதிதாக வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு ‘தொழில்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சி, அணுசக்தி, விண்வெளித் துறைகளின் பணிகளைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. 1982-லேயே இப்படி ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள், ஆனால் அது கடைசிவரை அமலுக்கு வரவில்லை. இப்போது வந்துவிட்டது. ஆகவே ஆய்வகத்தையே முதலாளி என்று காட்டித் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் பாதை மிகவும் குறுகிவிட்டது. அரசியல் சட்டப்பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி இருக்கிறது. வருடங்கள் ஆகும், முடிவு உறுதியில்லை. பதினொரு பேரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் முயலலாம். மகளின் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

உறுதியாகக் கிடைக்கக்கூடியது

நிரந்தரம் என்ற பெரிய கோரிக்கையில் மனதை வைத்துவிட்டு, கைக்கு எட்டும் பணத்தைக் கோட்டைவிட்டவர்கள் பலர். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் உள்ள அந்த விலக்கு ஆய்வகத் துறைக்குத்தான். ஆள் சப்ளை செய்து லாபம் பார்க்கும் காண்ட்ராக்டருக்கு அது பொருந்தாது என்பதே என் வாதமாக இருக்கும். அவரிடம் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, அதற்கு மேல், புதுத் திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளம் கேட்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தது, இது ஆள்குறைப்பே இல்லை என்பார். தன் காலத்துக்கு மட்டும்தான் பொறுப்பு என்றும் சொல்வார். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதனால் கேட்டது முழுதும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். “வேறு சைட்டில் வேலை தருகிறோம்” என்றால் மறுக்காமல், எங்கே, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பாக்கிச் சம்பளத்தில் வாதத்துக்கே இடமில்லை. வேலையிலிருந்து நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதன்மை நிறுவனம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்றாலும், அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்த அதிகாரிகளே குறைவு. மனுவில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, வருடத்துக்கு 15,000. ஒன்பது வருடத்துக்கு 1,35,000 ரூபாய். மூன்று காண்ட்ராக்டரும் ‘என்னிடம் ஐந்து வருடம் ஆகவில்லை’ என்று கைவிரிப்பார்கள். மேட்டூர் அனல் மின் நிலைய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012-ல், ஒப்பந்தத் தொழிலாளியின் பணிக்கொடைக்கு முதன்மை நிறுவனம் பொறுப்பு, அது காண்ட்ராக்டரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புதான். ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இதுதான்.

இப்போது நீங்கள் கவனிக்காத ஒன்று. பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் கிடைக்கப் பத்து வருடப் பணி வேண்டும். முழு வருடங்கள் போக மிஞ்சுவது ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஒரு முழு வருடமாகக் கணக்கு. நீங்கள் ஒன்பது வருடம் நான்கு மாதத்தில் நிற்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதச் சந்தா விழுந்தால் பத்து! பணிக்கொடையிலும் ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி முழு வருடமாகும். எனவே நோட்டீஸ் காலத்தையும் வேறு சைட்டில் கிடைக்கும் ஓரிரு மாத வேலையையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எது நடந்தாலும் பென்ஷன் பகுதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஒன்பது வருடமும் அழிந்துபோகும். அதற்குப் பதிலாக ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் வருடங்கள் இதோடு சேரும். பாஸ்புக்கைத் திறந்து மூன்று காண்ட்ராக்டர் காலமும் ஒரே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணில் இருக்கிறதா, பென்ஷன் பத்தியில் மாதாமாதம் தொகை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் மாறும்போது புது எண் போட்டுவிடுவது சகஜம்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

மாநில அரசின் தொழிலாளர் அலுவலகங்களுக்குப் போய் அலைய வேண்டாம். உங்கள் முதன்மை நிறுவனம் மத்திய அரசு என்பதால், மனு போக வேண்டிய இடம் நுங்கம்பாக்கம் ஹேடோஸ் சாலை, சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். ஆளுக்கு ஒரு மனு, பதினொரு பேரும் சேர்ந்து ஒரு மனு, இரண்டும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நீக்கம் தொடர்பான தகராறுக்குப் புதிய சட்டத்தில் இரண்டு ஆண்டு வரம்பு, சம்பளக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு. ஆனால் நீங்கள் இந்த மாதமே போங்கள்.

ஜாப் கார்டு நகல் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம். பாகத்தின் பெயர், அளவு, திட்டத்தின் பெயர் எதுவும் இருக்கும் தாள் வெளியே இருப்பதே 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தில் உங்களைச் சிக்கவைக்கலாம். சம்பள வழக்குக்குப் போனவர் குற்ற வழக்கில் நிற்க வேண்டியதில்லை. இனி எதையும் எடுத்து வராதீர்கள். இருப்பதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், மனுவோடும் இணைக்காதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் நேரில் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். உங்களுக்கு அந்தத் தாள் தேவையும் இல்லை. காலாவதியான கேட் பாஸ்கள், அவற்றிலிருக்கும் காண்ட்ராக்டர் பெயர், தேதிகள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த வரவு, பி.எஃப். பாஸ்புக், இவையே ஒன்பது வருடத்தைச் சொல்லிவிடும். கேட் பாஸை ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்துவிட்டு, அதன் எண்ணையும் தேதியையும் குறித்து ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்.

ஆர்.டி.ஐ.யிலும் இதே மாதிரி ஒரு சுவர் உண்டு. டி.ஆர்.டி.ஓ. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர மற்றவற்றுக்கு விலக்கு. ஒப்பந்த நகல் கேட்டால் மறுப்புதான் வரும். ஆனால் பி.எஃப். அலுவலகமும் தொழிலாளர் ஆணையர் அலுவலகமும் அந்த அட்டவணையில் இல்லை. காண்ட்ராக்டரின் உரிமம், எத்தனை பேருக்கு உரிமம், அவர் கட்டிய சந்தா விவரம் ஆகியவற்றை அங்கே கேளுங்கள்.

உங்கள் ஷாப்பில் இருக்கும் நிரந்தர டெக்னீஷியன்களும் பயந்துபோயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பாதுகாப்புத் துறைப் பதவி என்பதால் விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்ற அரசியல் சட்டப்பிரிவு 311-ன் காப்பு அவர்களுக்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் பதவி உபரியானால் வேறு மத்திய அலுவலகத்தில் அமர்த்த 1990-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. குறை இருந்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம். உங்கள் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றில்லை. அவர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மைத்துனருக்கு

ஜே.ஆர்.எஃப். என்பது உதவித்தொகை. அவர் சட்டப்படி ஊழியர் ஆகமாட்டார். பொதுவாக முதலில் இரண்டு வருடம், பின் மதிப்பீட்டின் பேரில் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை); 2023 ஜனவரியிலிருந்து முறையே 37,000, 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நீட்டிப்பை உரிமையாகக் கேட்க முடியாது. நிலுவைத் தொகையைக் கேட்கலாம். அவர் செய்ய வேண்டியது வழக்கு அல்ல. பிஎச்.டி. பதிவு இருந்தால் வழிகாட்டியிடம் இப்போதே பேசி, வேறொரு திட்டத்துக்கோ பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கோ மாற வழி பார்க்கட்டும். இதுவரை செய்த ஆராய்ச்சியை ஆய்வேட்டில் பயன்படுத்த ஆய்வக இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதியை வெளியே வருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வந்தபின் கேட்டால் இழுத்தடிக்கும்.

கடைசியாக, காண்ட்ராக்டரிடம் அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. தொழில், வருடங்கள், கையாண்ட இயந்திர வகை இருந்தால் போதும், திட்டப் பெயர் வேண்டாம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையோடு ஓசூர், கோவை, சேலம், திருச்சியும் இருக்கின்றன. ஒன்பது வருடம் இந்த மாதிரி ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஃபிட்டரை அங்கே தேடுகிறவர்கள் இருப்பார்கள். மூன்று காண்ட்ராக்டரிடமும் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள். முதல் இருவரின் அலுவலக முகவரி உங்கள் பழைய சம்பளச் சீட்டிலேயே இருக்கும்.